ரவாங் பம்பும் ஓம் வாத்தியாரும்: மின்தடை, மின்திறன் கணக்கு வந்த வழி

படிவம் 5 பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மின்தடை கூடினால் மின்திறன் கூடுமா, குறையுமா? வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். "கூடும் சார், ஐ ஸ்குவேர் ஆர்" என்று ஒரு பக்கம் கத்தும். "குறையும் சார், வி ஸ்குவேர் பை ஆர்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேர் கையிலும் இருப்பது சரியான சூத்திரம்தான். ஆனால் தேர்வில் ஒரு பக்கத்துக்குத்தான் மதிப்பெண்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாச் சூத்திரத்தையும் ஒரே நாளில், ஒரே பலகையில், ஒரு முக்கோணம் போட்டு நாம்தானே எழுதிக் கொடுக்கிறோம்? உண்மையில் அவை ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒன்று 1826-27இல் வந்தது, இன்னொன்று 1840-41இல், மூன்றாவதற்கு வேலை வந்தது 1880 வாக்கில். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த ஆளுக்கு ஒவ்வொரு தேவை இருந்தது. அந்தத் தேவையைச் சொல்லிக் கொடுத்தால் எந்தச் சூத்திரம் எங்கே என்பது மனதில் நிற்கும் என்பது என் அனுபவம். இந்தக் கதையின் ஒரு முக்கியமான பகுதி நம்ம சிலாங்கூரிலேயே, ரவாங்கில் நடந்திருக்கிறது. அதில் ஒரு தமிழர் பெயரும் இருக்கிறது. அதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

முதலில் ஓம். கியோர்க் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தவர். அப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. மகன் கோலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நடத்திய வாத்தியார், அதாவது நம்ம ஆள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைத்த சாமான்களை வைத்துத்தான் வேலை பார்த்தார். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தப்பு. மடக்கையெல்லாம் போட்டு எழுதிய சூத்திரம் அது. காரணம் அவர் பயன்படுத்திய மின்கலம். கம்பியைத் தொட்டதும் அதன் வேகம் இறங்கிக்கொண்டே போகும். அளவெடுத்து முடிப்பதற்குள் எண் மாறிவிடும். பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு செய்முறை நடத்தியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

பிறகு போகன்டார்ஃப் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்து. பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் வெப்பநிலை மாறாது, மின்னழுத்தமும் மாறாது. இந்த ஏற்பாட்டில் ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை, 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை, ஒவ்வொன்றாக மாட்டி ஒரு காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். கம்பி நீளமானால் மின்னோட்டம் குறைகிறது, அதுவும் ஒழுங்காகக் குறைகிறது. 1827-இல் இதைப் புத்தகமாகப் போட்டார். பாராட்டு வரவில்லை, வேலையை விட்டு விலகியதுதான் மிச்சம். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தபோது 1852. இரண்டு வருஷத்தில் இறந்துவிட்டார்.

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

இந்தச் சமன்பாட்டில் திறன் என்ற பேச்சே இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு ஓடும் என்பதோடு ஓமின் வேலை முடிந்துவிட்டது. ஓடுவதால் என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் பீர் ஆலைக்காரர் மகன். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஜூலின் குடும்பத்துக்குச் சொந்த ஆலை இருந்தது. ஆலையின் நீராவி இயந்திரத்தைத் தூக்கிவிட்டு மின்மோட்டார் வைத்தால் லாபமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகக் கம்பிச் சுருளைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, மின்சாரம் விட்டு, வெப்பமானியைப் பார்த்து எழுதினார். வேறு வேறு கம்பிகளை ஒரே சுற்றில், ஒரே மின்னோட்டம் ஓடும்படி வைத்து ஒப்பிட்டார். மின்தடை இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்கு. மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் நான்கு மடங்கு. 1840 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது அவருக்கு வயது 22 கூட முழுதாக ஆகவில்லை; கிட்டத்தட்ட நம்ம மாணவர்கள் டிப்ளோமா முடிக்கிற வயசு. அவர்கள் சுருக்கத்தை மட்டும் போட்டார்கள். முழுக் கட்டுரை அடுத்த வருஷம் வேறு இதழில் வந்தது.

வெப்பத்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

"ஐ ஸ்குவேர் ஆர்" கட்சிக்காரர்களின் ஊர் இதுதான். மின்னோட்டம் மாறாமல் இருக்கும் இடத்தில், அதாவது தொடர் சுற்றில், மின்தடை கூடினால் திறனும் கூடும். அந்தக் காலத்துத் தெருவிளக்குகளும் இப்படித்தான் இருந்தன. கார்பன் குச்சிகளுக்கிடையே பொறி பறக்கும் வில்விளக்குகளை வரிசையாகத் தொடர் சுற்றில் கோத்து, சுமார் 10 ஆம்பியர் மாறாமல் ஓட விடுவார்கள். விளக்கு கூடக் கூட மின்னாக்கியின் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது எடிசன். தெருவை விட்டு வீட்டுக்குள் விளக்கைக் கொண்டுபோக வேண்டும். ஒரு வீட்டில் அணைத்தால் அடுத்த வீட்டில் அணையக் கூடாது. எனவே இணைச் சுற்று. எல்லா வீட்டுக்கும் ஒரே மின்னழுத்தம். இங்கே எடிசனும் அவருடைய கணிதக்காரர் ஃபிரான்சிஸ் அப்டனும் போட்ட கணக்கு நம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். 100 வாட் விளக்கு வேண்டும். அதை 10 வோல்ட்டில் எரித்தால் மின்னோட்டம் 10 ஆம்பியர், விளக்கின் மின்தடை 1 ஓம். 100 வோல்ட்டில் எரித்தால் மின்னோட்டம் 1 ஆம்பியர், மின்தடை 100 ஓம். தெருவிலிருந்து வரும் கம்பியின் மின்தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொண்டால், முதல் விளக்குக்குக் கம்பியிலேயே 50 வாட் சூடாகப் போய்விடும். இரண்டாவதற்கு அரை வாட். முதல் வழியில் போனால் கட்டைவிரல் தடிமனுக்குச் செம்பு வாங்க வேண்டும், கம்பெனி திவாலாகும். அதனால்தான் எடிசன் மின்தடை அதிகமுள்ள இழையைத் தேடிப் பிடிவாதமாக அலைந்தார். 1879-இல் இழை கிடைத்தது. 1882 செப்டம்பரில் நியூயார்க் பேர்ல் தெரு நிலையம் ஓட ஆரம்பித்தது.

திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

வீட்டுச் சுவரில் மாட்டுகிற எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. மின்னழுத்தத்தைக் கொடுப்பது மின்வாரியம், அது மாறாது. மின்தடை குறைந்த பொருள்தான் அதிகத் திறன் இழுக்கும். வாட் என்ற அலகுப் பெயரையும் அதே 1882-இல்தான் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார்.

அதற்குப் பன்னிரண்டே வருஷம் கழித்து ரவாங். 1894-இல் லோக் யூவும் கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி வேலையை மின்சாரத்தில் நடத்தினார்கள். (ஈயம் என்று நாம் சொன்னாலும் தோண்டியது வெள்ளீயம்.) மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் நிகழ்வு அது.

தம்புசாமி பிள்ளையை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், பத்துமலை என்றால் அவர் பெயர் வரும். சௌக்கிட் பக்கம் அவர் பெயரில் சாலையும் இருக்கிறது. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் பள்ளியில் படித்து, டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் வேலை பார்த்தார். டேவிட்சன் 1875-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்தபோது கூடவே வந்தார். அப்போது தலைநகரம் கிள்ளான். 1880-இல்தான் கோலாலம்பூருக்கு மாறியது. அரசாங்கக் கருவூலத்தில் இருந்துவிட்டுப் பிறகு வியாபாரம், சுரங்கம் என்று இறங்கினார். 1893-இல் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியை உருவாக்கியவர்களில் இவரும் உண்டு, லோக் யூவும் உண்டு. 1902-இல் காலமானார். கோயில் கட்டியவராக மட்டுமே அவரைச் சொல்லிச் சொல்லி, பம்புக்கு மின்சாரம் கொண்டுவந்தவரை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். அறிவியல் பாடத்தில் தமிழ்ப் பெயர் வருகிற இடம் எத்தனை இருக்கு, சொல்லுங்க?

ஏன் பம்ப்? ஈயக்குழியின் எதிரி தண்ணீர். தோண்டத் தோண்ட ஊறும். மழை பெய்தால் குளமாகும். இறைக்காமல் வேலை இல்லை. கணக்குக்காக ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். ஆழம் 12 மீட்டர், வினாடிக்கு 50 லிட்டர் இறைக்க வேண்டும். 50 × 9.81 × 12 போட்டால் சுமார் 5,900 வாட். பம்பிலும் மோட்டாரிலும் பாதி வீணாகிறது என்று வைத்தால் 12,000 வாட் கொடுக்க வேண்டும். மின்னழுத்தம் 200 வோல்ட் என்றால் மின்னோட்டம் 60 ஆம்பியர்.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, "மோட்டாரின் மின்தடை எவ்வளவு?" என்று கேளுங்கள். "200 வகுத்தல் 60, 3.33 ஓம் சார்" என்று சட்டென்று பதில் வரும். சரி, அப்படியானால் ஐ ஸ்குவேர் ஆர் போடு என்று சொல்லுங்கள். 60 × 60 × 3.33 என்றால் 12,000 வாட். கொடுத்த 12,000 வாட்டும் வெப்பமாகப் போய்விட்டது. அப்புறம் தண்ணீரைத் தூக்கியது யார்?

மோட்டார் ஹீட்டர் அல்ல. அது சுழலும்போது அதன் சுருளுக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகி, வருகிற மின்னோட்டத்தைத் தடுக்கிறது. சுருளின் உண்மையான மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமாகப் போவது 60 × 60 × 0.2, அதாவது 720 வாட் மட்டும். மீதி 11,280 வாட் சுழற்சிக்குப் போகிறது. பம்பில் கல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் எதிர் மின்னழுத்தம் இருக்காது. அந்த நேரத்தில் அது வெறும் 0.2 ஓம் கம்பி. மின்னோட்டம் 1,000 ஆம்பியரை நோக்கிப் பாயும். ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் சுருள் கருகும். வீட்டில் கிரைண்டர் ஜாம் ஆகி வாசனை வருவதும் இதே கதைதான்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்பது மோட்டார், விளக்கு, கைத்தொலைபேசி சார்ஜர் எல்லாவற்றுக்கும் உள்ளே போகும் மொத்தக் கணக்கு. மற்ற இரண்டும் மின்தடையில் வெப்பமாகிற பகுதிக்கு மட்டும். கெத்தலிலும் இஸ்திரிப் பெட்டியிலும் எல்லாமே வெப்பம் என்பதால் மூன்றும் ஒரே விடை தருகின்றன. புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் கெத்தல் கணக்குகளாக இருப்பதால் இந்த வித்தியாசம் பிள்ளைகள் கண்ணில் படாமலே போகிறது. மலாயாவின் முதல் மின்சாரக் கதையில் பம்ப் இருப்பது நமக்கு வசதியாகப் போயிற்று.

1895-இல் கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. நாம் படம் எடுத்துக்கொள்கிற குவிமாடக் கட்டடம் 1910-இல் வந்தது. இது அதற்கு முந்தியது. 1900-இல் ரவூப்பில் தங்கச் சுரங்கக் கம்பெனி செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. 1920களில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் பங்சாரில் நீராவி மின்நிலையம் எழுந்தது. 1949 செப்டம்பர் 1-இல் மத்திய மின்சார வாரியம் உருவானபோது அந்தப் பங்சார் நிலையத்தின் அளவு 26.5 மெகாவாட். 1950களின் தொடக்கத்தில் கிள்ளான் கன்னாட் பிரிட்ஜ் நிலையம் சேர்ந்தது. வாரியம் 1965-இல் லெம்பாகா லெட்ரிக் நெகாராவாகி, 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது. தெனாகா என்றால் மலாய் மொழியில் ஆற்றல். மாதாமாதம் வரும் பில்லும் ஆற்றலுக்குத்தான், கிலோவாட் மணியில்; திறனுக்கு அல்ல. மலாயில் திறன் என்பது குவாசா. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளை, ஆருஸ், வோல்தான், ரிந்தாங்கான், குவாசா என்று நான்கு சொல்லையும் புதிதாகக் கேட்கிறது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, மின்திறன் என்ற நான்கையும் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், பாதி பயம் போய்விடும். எத்தனையோ பிள்ளைகள் இயற்பியல் புரியாமல் அல்ல, சொல் புரியாமல் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பங்சார் எண்ணை வைத்து ஒரு கணக்கு. (மூன்று கட்டம், திறன் காரணி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து.) 26.5 மெகாவாட்டை 240 வோல்ட்டிலேயே அனுப்பினால் மின்னோட்டம் சுமார் 110,000 ஆம்பியர். இன்றைய 132 கிலோவோல்ட் கம்பியில் அனுப்பினால் சுமார் 200 ஆம்பியர். மின்னோட்டம் 550 பங்கில் ஒன்றாகிறது. அதே கம்பியில் வெப்ப இழப்பு 300,000 பங்கில் ஒன்றுக்கும் கீழே போகிறது. ஜூல் கண்ட இருமடிதான் இதற்குக் காரணம்.

இதைக் கண்ணால் காட்ட வேண்டுமானால் பிள்ளைகளை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கே.எல். சென்ட்ரலுக்குக் கூட்டிப் போங்கள். கொம்யூட்டர் ரயிலுக்கு மேலே தொங்குவது 25,000 வோல்ட். அதே கட்டடத்தில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ஓடுவது 750 வோல்ட்டில். ஒரு பேச்சுக்கு இரண்டு ரயிலும் 2 மெகாவாட் இழுப்பதாக வைத்தால், கொம்யூட்டருக்கு 80 ஆம்பியர், எல்.ஆர்.டி.க்கு 2,667 ஆம்பியர். ஒன்றுக்கு மெல்லிய கம்பி போதும் என்பதும் இன்னொன்றுக்குத் தண்டவாளத்தின் பக்கத்தில் தடித்த உலோகப் பட்டை ஓடுவதும் ஏன் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 1995-இல் கொம்யூட்டர் தொடங்கியபோது அதன் தடங்கள் இரண்டு: ஒன்று செந்தூலிலிருந்து கிள்ளான் துறைமுகம், மற்றது சிரம்பானுக்கும் அதே ரவாங்குக்கும் இடையே.

கடைசியாக, தேர்வு எழுதுகிறவர்களுக்கு. நம் நாட்டு வீட்டு மின்னழுத்தம் பல காலம் 240 வோல்ட். 2008 ஜனவரி 1 முதல் அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட். பழைய பயிற்சி நூல்களில் 240 இருக்கும், புதியதில் 230. கேள்வியில் கொடுத்த எண்ணையே போடுங்கள். மனப்பாடமாக இருப்பதைப் போடாதீர்கள். இரண்டும் ஒரே கேள்வியில் வந்தால்தான் வம்பு. உதாரணமாக: "240 வோல்ட், 2,000 வாட்" என்று முத்திரையிட்ட கெத்தலை 230 வோல்ட்டில் மாட்டினால் மின்னோட்டம் என்ன?

பலர் 2,000-ஐ 230-ஆல் வகுத்து 8.7 ஆம்பியர் என்று எழுதுவார்கள். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடுகிறது என்றாகிவிடும். ஓம் ஒத்துக்கொள்ள மாட்டார். 2,000 வாட் என்பது 240 வோல்ட்டில் மட்டும் கிடைக்கிற அளவு. கெத்தலுக்குச் சொந்தமானது அதன் மின்தடை. எனவே முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்: 240 × 240 ÷ 2,000 = 28.8 ஓம். பிறகு மின்னோட்டம் 230 ÷ 28.8, கிட்டத்தட்ட 8.0 ஆம்பியர். திறன் 230 × 230 ÷ 28.8, சுமார் 1,837 வாட். 5 ஆம்பியர் ஃபியூஸ் தாங்காது, 13 ஆம்பியர் போட வேண்டும்.

வெப்பநிலையால் மின்தடை அதிகம் மாறாத கெத்தலுக்கு இது சரி. பழைய குண்டு பல்பு கிடைத்தால் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. 240 வோல்ட், 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 960 ஓம். எரியாத பல்பின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீட்டர் கெட்டுப்போச்சு என்று பிள்ளைகள் வேறு மீட்டர் தேடுவார்கள். தேட விட்டுவிட்டு, இழை சூடாக இருக்கும்போது என்ன ஆகும் என்று அவர்களையே கேளுங்கள்.